ஐந்தில் ஒருவர்

பாக்கியநாதன் மியூசியத்துக்குள் வந்தபோது கூட்டம் மாடிப்படிக்குக் கீழே கூடிவிட்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து கூரையில் செதுக்கியிருந்த மரப்பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பூட்ஸில் அப்பியிருந்த பனி உருகி மெருகேற்றிய தரையில் சொட்டியது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று கவனித்தபடியே பின்னால் போய் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டார். முதல் படியில் நின்று அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவருடைய மகள் ஜெரூஷா. கோடு போட்ட பாவாடை, வெள்ளைச் சட்டை, அதன்மேல் சிவப்பு மார்க்கச்சை, அந்தக் காலத்தில் சுவீடன் நாட்டுக் குடியானவப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பாம். துவைத்துக் குளியலறைக் கம்பியில் தொங்கும்போது எத்தனையோ முறை அதை ஒதுக்கிவிட்டுப் பல் துலக்கியிருக்கிறார், அவள் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருக்கிறது. மனைவி சுகிர்தா பார்த்தால் இடுப்பில் கொஞ்சம் பிடிக்கலாம் என்பாள். ஜெரூஷாவின் கண் அவர்மேல் பட்டு, நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போயிற்று. காலையில் தோசை தின்னும்போதே சட்டம் போட்டுவிட்டாள். "வந்தா மத்தவங்க மாதிரி வரணும்ப்பா. ஃபோட்டோ எடுக்கக் கூடாது. கேள்வி கேக்கக் கூடாது. நான் பேசுறப்ப தலைய ஆட்டிட்டே நிக்கக் கூடாது." தலையை ஆட்டாமல் எப்படி ஆத்தா கேக்குறது என்றதற்கு, சும்மா கேளுங்க என்றாள். அவர் இப்போது தலையை ஆட்டாமல் கேட்டார். இது ஹெட்லண்ட் என்ற மர வியாபாரி கட்டிய வீடு, சுவீடனில் உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் விளையாத ஒரு துண்டு நிலத்திலிருந்து பிழைக்க வந்த குடியானவன் மகன், அமெரிக்காவுக்கு, இந்த மினியாபொலிஸுக்கு வந்து காடு காடாக வெட்டிப் பணக்காரனாகி அரண்மனை மாதிரி வீட்டைக் கட்டினான், கட்டிய பிறகு இதில் குடியிருக்கப் பிடிக்கவில்லை, தன்னைப் போல வந்தவர்களின் ஞாபகமாக இருக்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டான். ஜெரூஷா இதை ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டில் பேசும் குரல் இல்லை இது, கொஞ்சம் கனத்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதுபோல. இந்தக் குரல் இவளுக்கு எப்போது வந்தது, நான் எந்த ஊரில் இருந்தேன் அப்போது, என்று நினைத்தார். நினைத்ததும் வக்கீலம்மாவின் குரல் குறுக்கே வந்துவிட்டது.

வெளியே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. ஐ ஆம் சாரி நேதன் என்றுதான் அந்த அம்மாள் தொடங்கினார். இந்த நாட்டில் பாக்கியம் உதிர்ந்துபோய் வெறும் நாதன்தான் மிச்சம், அதுவும் நேதன். சனிக்கிழமை கூப்பிடுகிறார் என்றபோதே தெரிந்துவிட்டது, நல்ல சேதியை யாரும் விடுமுறை நாளில் சொல்வதில்லை. அவர் சொன்னதெல்லாம் பாக்கியநாதனுக்கு ஏற்கெனவே பாடமானதுதான். அப்பனுடைய வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளை இருபத்தொரு வயதோடு அறுந்துபோகும். பச்சை அட்டைக்கான வரிசையில் அவர் நிற்கத் தொடங்கி இத்தனை வருஷமாகியும் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிகிறது, அவருடைய முறை வருவதற்குள் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாற்றிக் கேட்டிருந்தார்கள், அது ஒன்றுதான் மிச்சமிருந்த நூல். அதுவும் இல்லை என்றாகிவிட்டது. மே மாதம் பிறந்த நாள் வருவதற்குள் ஜெரூஷா இந்த நாட்டை விட்டுப் போக வேண்டும். ஷீ ஏஜஸ் அவுட், நேதன். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏஜ் அவுட். சின்ன வயதில் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவுட் என்றால் மட்டையைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார வேண்டும், அடுத்த ஆட்டத்தில் திரும்ப வரலாம். மாத்திரை அட்டையின் பின்னால் ஒரு தேதி அச்சடித்திருப்பார்கள், அதற்குப் பிறகு தின்னக் கூடாது. அவருடைய ஆபீஸில் புரோகிராம் பதில் சொல்லாமல் நின்றுபோனால் டைம் அவுட், அதற்கு அவர் ஒரு வரி எழுதிச் சேர்த்தால் போதும், கொஞ்சம் பொறு, மறுபடி கேள். வயசாவது ஒரு பிள்ளை செய்கிற காரியமா. அவளுக்கு வயதானதைக் கேக் வெட்டி, பலூன் கட்டி, வருஷா வருஷம் கைதட்டிக் கொண்டாடியது நாங்கள்தானே. இதை அவளிடம் எப்படிச் சொல்வது. மதியச் சாப்பாட்டின்போது சொல்வதா, ராத்திரி சுகிர்தாவையும் உட்கார வைத்துக்கொண்டு சொல்வதா, அந்த நேரத்தில் அவள் தம்பி ஆரோனை எங்கே அனுப்புவது, அவன் இங்கே பிறந்தவன், அவனை யாரும் எங்கேயும் போகச் சொல்ல முடியாது, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல். கூட்டம் நகர்ந்தது. தூணிலிருந்து விலகி அவரும் நகர்ந்தார்.

அடுத்த அறையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பீங்கான் கணப்பு, நீலப் பூப் போட்ட ஓடுகளைப் பதித்து, கோவில் தேரைப்போல மூலையில் நின்றது. புகை நேராக மேலே போய்விடாது, உள்ளே மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போய்த்தான் வெளியேறும், அதனால் காலையில் கொஞ்சம் விறகு வைத்தால் ராத்திரி வரைக்கும் சூடு நிற்கும் என்றாள் ஜெரூஷா. தொடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். இவர்களும் குளிருக்குப் பயந்தவர்கள்தான் போலிருக்கிறது, குளிரிலேயே பிறந்தவர்களுக்குக் குளிர் உறைக்காது என்று நினைத்திருந்தோமே. வந்த முதல் குளிர்காலத்தில் அடுக்குமாடி வீட்டின் சன்னலை ஒரு சாண் அகலம் திறந்து, நாலு வயது ஜெரூஷா கையை வெளியே நீட்டிப் பனியை அள்ளினாள், அள்ளியவள் வீல் என்று கத்தி, சுடுதுப்பா, சுடுதுப்பா என்று கையை உதறினாள். சுடவில்லை ஆத்தா, குளிருது, என்று ஊதி ஊதிச் சொன்னார். இல்லை சுடுது. வெகுநாள் வரைக்கும் பனி சுடும் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் விமான நிலையத்தில், முத்திரை குத்தும் அதிகாரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குனிந்து உன் பெயர் என்ன என்று கேட்டான். பாக்கியநாதன் எந்தத் தாளை முதலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, ஜெரூஷா பாக்கியநாதன், எல்.கே.ஜி., பி செக்‌ஷன் என்றாள் ஒரே மூச்சில். அவன் சிரித்துவிட்டான். வெல்கம் ஹோம் என்றான். அவன் எல்லோருக்கும் சொல்வதுதான், அசதியில் வாய் தவறிக்கூட வந்திருக்கும், ஆனால் அந்தப் பிள்ளை அதை நம்பிவிட்டது, அப்பன்காரனும் நம்பிவிட்டான். இப்போது எந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, அய்யா நீங்கள் அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே என்று கேட்பது. கணப்பின் பக்கத்தில் கைத்தடியோடு ஒரு வயதான அம்மாள் நின்றிருந்தார். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, வெளிர் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தார். பாக்கியநாதனைப் பார்த்துச் சினேகமாகச் சிரித்து, "நான் டோரிஸ். உங்களுக்குச் சுவீடனில் சொந்தக்காரர்கள் உண்டா?" என்று கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார். இல்லை என்றார் பாக்கியநாதன். பிறகு, அப்படி இருக்கிறவர்களைத் தெரியும் என்று எதையோ சொல்லி வைத்தார்.

மூன்றாவது அறையில் பெட்டிகள். பிழைக்கப் போகிறவன் வீட்டிலிருந்து கொண்டுபோன மரப்பெட்டிகள், வளைந்த மூடி, இரும்புப் பட்டை, முன்பக்கத்தில் பெயரும் வருஷமும் நீலத்தில் எழுதியிருந்தது. அமெரிக்கப் பெட்டி என்றே அதற்குப் பெயராம். ஊர் ஊராகப் பரவிய அந்த ஆசைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அமெரிக்கக் காய்ச்சல். பாக்கியநாதனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவருடைய காலேஜில் ஒரு வகுப்பே அந்தக் காய்ச்சலில் கிடந்தது, விடிவதற்கு முன்னால் சென்னையில் தூதரகத்து வாசலில் வரிசையில் நின்று, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கச் சுவரில் சாயாமல் நின்று. சுவீடன்காரர்கள் கோத்தன்பர்க் துறைமுகத்தில் கப்பலேறினார்கள், இங்கிலாந்தில் இறங்கி ரயிலில் குறுக்கே போய், லிவர்பூலில் மறுபடி கப்பலேறினார்கள், என்றாள் ஜெரூஷா. நியூயார்க்கில் இறங்கியதும் பெயரைக் கேட்பார்கள், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், சீக்காளியா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான், அன்றைக்கே ஊருக்குள் போய்விடலாம். அவ்வளவுதான் என்ற இடத்தில் அவள் குரல் ஒரு நொடி நின்றது போலிருந்தது, அல்லது இவருக்கு அப்படிக் கேட்டது. கூட்டத்தில் யாருக்கும் அது படவில்லை. ஒரு சின்ன வயது ஜோடி பெட்டியின் பூட்டைக் குனிந்து பார்த்தார்கள். நாங்கள் கொண்டுவந்த பெட்டி என்ன ஆயிற்று, சிவப்புப் பெட்டி, சக்கரம் உடைந்தது, அதற்குள் சுகிர்தா இட்லித் தட்டையும் துணி சுற்றிய அம்மிக் குழவியையும் வைத்திருந்தாள், குழவி எதற்கு என்று விமான நிலையத்தில் எடை போட்டவன் கேட்டான். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நூறு வருஷம் கழித்து யாராவது விளக்கம் சொல்வார்களா. யார் சொல்வார்கள். சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளையையும்தான் அனுப்பப் போகிறார்களே. சம்பளமில்லாமல் சனிக்கிழமை தோறும் வந்து நிற்கிறாள், சம்பளம் வாங்க அவளுடைய விசாவில் இடமில்லை, கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் காபிக் கடையில் நிற்கும்போது இவள் அடுத்தவர்களுடைய முப்பாட்டன் கதையைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து நிற்கிறாள். ஏன் இந்த இடம், இத்தனை இடமிருக்க, என்று அவரே பல தடவை கேட்க நினைத்து, கேட்டால் வேண்டாமென்று சொல்வதாக எடுத்துக்கொள்வாளோ என்று விட்டுவிட்டார். அதை டோரிஸ் கேட்டுவிட்டார்.

"தப்பாக நினைக்காதே கண்ணே," என்றார் டோரிஸ், கைத்தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. "என் அப்பாவின் அப்பா இப்படி ஒரு பெட்டியோடுதான் வந்தார், ஆனால் எனக்கே இவ்வளவு தெரியாது. நீ சுவீடன் பெண் இல்லை. உனக்கு எப்படி இதில் ஆசை வந்தது?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதாக அந்தச் சின்ன ஜோடி தரையைப் பார்த்தார்கள். ஜெரூஷா சிரித்தாள். "என் அப்பா ஒரு சுவீடன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்," என்றாள். "தென்னிந்தியாவில், சிவகங்கைக்குப் பக்கத்தில் திருப்பத்தூர் என்று ஓர் ஊர். இங்கே இவ்வளவு பேர் வந்து இறங்கிய அதே காலத்தில் கொஞ்சம் பேர் எதிர்த் திசையில் போனார்கள். மிஷனரிகள், டாக்டர்கள், நர்சுகள். அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரி. என் அப்பாவை முதலில் கையில் ஏந்தியது ஒரு சுவீடன் நர்ஸ். அந்த ஆட்கள் யார், வெயில் அவ்வளவு அடிக்கிற இடத்துக்கு எங்கிருந்து கிளம்பிப் போனார்கள் என்று தெரிந்துகொள்ள வந்தேன். வந்தவள் இங்கேயே நின்றுவிட்டேன்." டோரிஸ் வாயில் கைவைத்துக்கொண்டார். பாக்கியநாதன் பெட்டியின் மீது எழுதியிருந்த பெயரைப் படிப்பவர்போலக் குனிந்துகொண்டார், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. இதை அவர் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தார், வீட்டு வாசலில் இரண்டு பேரும் பனி வாரிக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்கி மண்வாரியை ஊன்றி நின்று, நானும் சுவீடன்காரி கையில பொறந்தவன்தான் ஆத்தா, என்னைய குளிர் ஒண்ணும் பண்ணாது என்று வேடிக்கைக்காகச் சொன்னது. அவளுக்கு அப்போது பதின்மூன்றோ பதினாலோ. அவள் பாட்டுக்கு வாரிக்கொண்டே இருந்தாள். அந்த நர்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான், சிஸ்டர் பிர்கிட்டா, ஆறடி உயரம், வலியில் கத்துகிறவளைப் பார்த்து, "கத்தாத தாயி, மூச்ச விடு, மூச்ச விடு" என்று அசல் சிவகங்கைச் சீமைத் தமிழில் அதட்டுவாளாம், பிள்ளை வெளியே வந்ததும் அதட்டியவளே அழுவாளாம். அவர் பிறந்த சில வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். எந்த ஊருக்கு. இருபது வயதில் வந்து முப்பத்தைந்து வருஷம் சோறும் ரசமும் தின்றவளுக்கு அங்கே யார் இருந்திருப்பார்கள், கடைக்குப் போய் என்ன பேசியிருப்பாள், தூக்கத்தில் எந்தப் பாஷையில் அதட்டியிருப்பாள். ஜெரூஷாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க வராது. சாலையைக் கடக்கத் தெரியாது, இங்கே காலை எடுத்து வைத்தால் கார்கள் நிற்கும், அங்கே நிற்காது. ஏப்ரல் மே வெயில். ஊரில் என் தம்பி வீட்டில் வைத்துக்கொள்வான், தம்பி பெண்டாட்டி நல்லவள்தான், நல்லவளாகவே இருந்தாலும் எத்தனை நாள். ஊரில் அவளை அமெரிக்காக்காரி என்பார்கள். இங்கே எல்லாரும் எந்த ஊர் என்று கேட்கிறார்கள், அங்கேயும் எந்த ஊர் என்று கேட்பார்கள். நான்தானே தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளிடம் யார் கேட்டார்கள்.

மாடிக்கு ஏறினார்கள். டோரிஸுக்கு முழங்கால் வலி, பாக்கியநாதன் கையைக் கொடுத்தார், அந்த அம்மாள் மறுக்காமல் பிடித்துக்கொண்டார், எலும்பில் சதையே இல்லாத லேசான கை. படி திரும்பும் இடத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல், அதன் சிவப்பும் மஞ்சளும் ஜெரூஷாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தன, அவள் ஏறிப்போனதும் படியில் விழுந்தன. மேலே குழந்தைகள் அறையாக இருந்த ஓர் அறையில் சுவர் முழுக்க ஒரு வரைபடம், அந்த நாட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கடலுக்கு இழுத்த கோடுகள். ஜெரூஷா அதற்கு முன்னால் நின்று, இப்போது நான் கிளம்பியவர்களைப் பற்றி இல்லை, அனுப்பியவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றாள். கிளம்பும் நாளில் குதிரை வண்டியில் பெட்டியை ஏற்றுவார்கள், தகப்பனும் தாயும் கூடவே நடப்பார்கள், ஊர் எல்லை வரைக்கும். அங்கே ஒரு கல்லோ மரமோ இருக்கும். அதற்குமேல் வர மாட்டார்கள், வந்தால் வேலை கெடும், மாடு கறக்க வேண்டும், மற்ற பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். போகிற பிள்ளை மறுபடி வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பாக்கியநாதனுக்கு அந்தக் கல் கண்முன் தெரிந்தது. தகப்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், வண்டி திரும்புகிற வரைக்கும் நிற்கிறான், திரும்பிய பிறகும் நிற்கிறான், பிறகு வீட்டுக்குப் போய் மாட்டைக் கறக்கிறான். கறக்கும்போது என்ன நினைத்திருப்பான். பால் கனத்துச் சுரக்கும் நேரம் மாட்டுக்குத் தெரியுமே தவிர மனுசனுடைய துக்கம் அதற்குத் தெரியாது, அவன் கறந்துதான் ஆக வேண்டும், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்கும் மீட்டிங் இருக்கிறது. கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவர் கை தானாக உயர்ந்துவிட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல.

ஜெரூஷா பார்த்தாள். முதல் தடவையாக நிறுத்திப் பார்த்தாள். "சொல்லுங்கள், சார்," என்றாள்.

"வந்தவர்களில் யாராவது திரும்பிப் போனார்களா?" ஆங்கிலத்தில்தான் கேட்டார், குரல் தேய்ந்து வந்தது. "இங்கே இருக்க முடியாமல்?"

"போனார்கள்," என்றாள் ஜெரூஷா. "நிறையப் பேருக்கு இது தெரியாது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் திரும்பிப் போனார்கள். சிலர் போக ஆசைப்பட்டுப் போனார்கள். சிலர் வேறு வழியில்லாமல் போனார்கள்."

"அங்கே அவர்களை எப்படி..." என்று இழுத்தார்.

"அமெரிக்கர்கள் என்று கூப்பிட்டார்கள். இங்கே சுவீடன்காரர்கள், அங்கே போனால் அமெரிக்கர்கள்." கூட்டத்தில் லேசாகச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முதலில் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். உடுப்பைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், பேச்சைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். ஆனால் தோற்றுப்போய் வந்தவர்களாக அவர்கள் இருக்கவில்லை. வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள், ஊர் சபையில் எழுந்து நின்று பேசினார்கள். ஒரே ஓர் ஊர் தெரிந்தவர்களுக்கு நடுவில் இரண்டு ஊர் தெரிந்தவர்களாக இருந்தார்கள்."

பாக்கியநாதன் தலையை ஆட்டினார். ஆட்டுகிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"இன்னொன்று," என்றாள் அவள். வரைபடத்தின் ஒரு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த அவளுடைய விரல் அங்கேயே நின்றது. "சின்னப் பிள்ளைகளாக வந்து திரும்பிப் போனவர்கள் பின்னாளில் சொன்னதை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். தங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களை அவர்கள் குறை சொன்னதாக நான் எங்கேயும் பார்க்கவில்லை, சார். நான் படித்த வரைக்கும் ஓர் இடத்தில்கூட இல்லை."

சார் என்ற சொல்லில் குரல் உடைந்தது. அவள் திரும்பி வரைபடத்தைப் பார்த்தாள், பிறகு, அடுத்த அறையில் தலைமுடியால் பின்னிய நகைகள் இருக்கின்றன, வாருங்கள் என்றாள். கூட்டம் அவள் பின்னால் போயிற்று. பாக்கியநாதன் போகவில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நின்று பேசியிருக்கிறாள், தெரிந்துதான் காலையில் தோசை தின்றாள், இன்னொரு கரண்டி சட்னி ஊற்றுங்க என்றாள். டோரிஸ் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய கையை விடவில்லை. சன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு, "பிப்ரவரி எப்போதும் நீளம்தான்," என்றார்.

சுற்றுலா முடிந்ததும் கீழ்த்தளத்துக் காபிக் கடையில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருந்தவரைத் தேடிக்கொண்டு ஜெரூஷா வந்தாள். ஏலக்காய் போட்ட ரொட்டி ஒன்றை வாங்கி, பிய்த்து, பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளினாள். ஏலக்காய் வாசனை முகத்தில் அடித்தது, இந்தக் குளிர்தேசத்துக்காரர்களுக்கு ஏலக்காய் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று சம்பந்தமில்லாமல் ஓர் எண்ணம் ஓடியது.

"எப்ப தெரியும் ஆத்தா?"

"செவ்வாய்க்கிழமை. லாயர் எனக்குத்தான் ஃபர்ஸ்ட் கால் பண்ணாங்க. நான் அடல்ட் இல்லையா." அவள் ரொட்டியைப் பார்த்தபடி பேசினாள். "உங்ககிட்ட நானே சொல்றேன்னு சொன்னேன். சொல்ல வரல. டெய்லி சொல்லலாம்னு கிச்சனுக்கு வருவேன், நீங்க தோசை ஊத்திட்டு இருப்பீங்க. அப்புறம் நீங்களே சனிக்கிழமை சொல்லிடுங்கன்னு லாயர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்குத்தான் நான் உங்க முன்னாடி பேசிட்டு இருப்பேன். நீங்க பாத்துட்டு இருப்பீங்க. நான் அழாம நிக்கிறத நீங்க பாக்கணும்னு நெனச்சேன்."

அதற்குத்தான் வரச் சொன்னாயா என்று கேட்க நினைத்தார். இத்தனை வருஷத்தில் இவளுக்காக நான் பயந்த பயமெல்லாம், ரோட்டைக் கடப்பதிலிருந்து காய்ச்சல் வரைக்கும், ஒரு பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்ததாக நினைத்தேனே. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று எனக்காக ஓடி வந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுடைய சட்டைக் கையில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டார்.

"மதுரைல ஒரு காலேஜ்ல பேசிட்டேன்," என்றாள். "மிச்சம் ஒரு வருஷத்த அங்க முடிக்கலாம்னாங்க. ஹிஸ்டரிதான். சித்தப்பா வீடு திருப்பத்தூர்ல. லீவுக்குப் போலாம். அந்த ஆஸ்பத்திரியப் பாக்கணும்."

"நான் கொண்டுபோய் விடுறேன்."

"வேணாம்ப்பா. நீங்க போனா திரும்பி வர விசா ஸ்டாம்பிங் மாசக்கணக்கா ஆகும். வேலை போயிடும். ஆரோன் இருக்கான், அம்மா இருக்காங்க."

"ஆகட்டும்."

"அப்பா."

"நான் வருவேன் ஆத்தா. சித்தப்பா வீட்டு வாசல் வரைக்கும் வருவேன். காலேஜ் ஆபீஸ்ல நின்னு ஃபீஸ் கட்டி, ஹாஸ்டல் ரூமுக்குள்ள ஃபேன் சுத்துதான்னு பாத்துட்டுத்தான் திரும்புவேன். வேலையெல்லாம் அப்புறம்." சொல்லி முடித்த பிறகுதான் அது முடிவு என்று அவருக்கே தெரிந்தது. சுகிர்தா என்ன சொல்வாள். சுகிர்தாவும் இதைத்தான் சொல்வாள், கூடவே பெட்டியில் என்ன வைப்பது என்று தொடங்கிவிடுவாள். ஜெரூஷா மேசையைச் சுற்றி வந்து, அந்தச் சுவீடன் உடுப்போடே அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இப்போது அழுதாள். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார், மூச்ச விடு தாயி, மூச்ச விடு, என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

அவளுக்குச் சுற்றிக்காட்ட இன்னொரு கூட்டம் இருந்தது, போய் முடித்துவிட்டு வந்தாள். வெளியே வந்தபோது வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது, வண்டி நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது, பனி வாரும் வண்டி வந்து போயிருக்க வேண்டும், ஓரத்தில் குவித்துவைத்த பனிமலைகள், நடுவில் அகலமான கறுப்புத் தரை. சாவியைக் கையில் எடுத்தவருக்குத் திடீரென்று அது தோன்றிற்று. திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் போகும் சாலை, எதிரே வரும் டவுன் பஸ், இந்தப் பிள்ளை சாலையின் எந்தப் பக்கம் போவாள். "நீ ஓட்டு," என்று சாவியை நீட்டினார். அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"இப்ப லெஃப்ட்ல போ."

"எங்க?"

"இங்கயேதான். சுத்தி வா. ரோட்டுக்கு லெஃப்ட்லயே போகணும், ரைட்ல திரும்புனாலும் லெஃப்ட்லயேதான் போய்ச் சேரணும். ஊர்ல அப்படித்தான்."

அவள் அவரைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வண்டியை எடுத்தாள். முதல் திருப்பத்தில் பழக்கத்தில் வலப்பக்கம் போனாள். "லெஃப்ட், லெஃப்ட்," என்றார். இரண்டாவது திருப்பத்தில் நின்று யோசித்துச் சரியாகப் போனாள். மூன்றாவது சுற்றில் வேகம் வந்தது. பனிக்குவியலின் மூலையில் மெதுவாக்கி, "எதிர்ல பஸ் வந்தா?" என்று கேட்டாள்.

"ஹாரன் அடி."

"இங்க ஹாரன் அடிச்சா மரியாதையில்லப்பா."

"அங்க அடிக்கலேன்னாத்தான் மரியாதையில்ல. நல்லா அடி, ஆத்தா. நீ வர்றது அவனுக்குத் தெரியணும்ல."

ஜெரூஷா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், விடாமல் அழுத்தினாள், பனி மூடிய அந்தத் தெரு முழுக்க அது கேட்டது.